கணக்கு இடம் மாறும்போது

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்ததை வேறு பாத்திரத்திற்கு மாற்றும்போதும் மறுபடி அளந்து பார்ப்பதே அறிவுடைமை. கணிப்பொறிக் கணக்கிற்கும் இது பொருந்தும்.

நம் கொண்டப்பநாயக்கன்பட்டியை அடுத்த சேலம் நகரில் மாம்பழ மண்டி, ஜவ்வரிசி வியாபாரம், வெள்ளிக் கொலுசுப் பட்டறை எனத் தொழில்கள் பல. பேரேடு இருந்த இடத்தில் இன்று பல கடைகளில் ‘டேலி’ இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது. அதிலிருந்து கணக்கை வெளியே எடுத்து ‘எக்செல்’ விரிதாளில் சேர்ப்பது அன்றாட வேலை.

அவ்வாறு எடுக்கும் கோப்பு சி.எஸ்.வி. வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதில் விவரங்களும் அவற்றைப் பிரிக்கும் காற்புள்ளிகளுமே உண்டு. எது தேதி, எது தொகை, எது குறியீடு என்ற குறிப்பு கிடையாது. நாம் அதை நேரே திறந்தால் விரிதாள் தானே ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகத்தால் விளையும் பிழைகள் மூன்று.

முதலாவது, பூச்சியம் மறைதல். சரக்கு சேவை வரியில் பொருள்களுக்கு எச்.எஸ்.என். குறியீடு உண்டு. மாம்பழத்திற்கு 0804, நாமக்கல் முட்டைக்கு 0407. இவற்றை விரிதாள் 804, 407 என்று ஆக்கிவிடும்.

இரண்டாவது, தேதி மாறுதல். அமெரிக்க முறையில் அமைந்த கணிப்பொறி 05/04/2024 என்பதை மே 4 என்று படிக்கும். ஏப்ரல் விற்பனை மே மாதக் கணக்கில் ஏறிவிடும். 25/04/2024 என்பதோ தேதியாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும்.

மூன்றாவது, எண் சிதைதல். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே காக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும்.

இவற்றைத் தவிர்க்கும் வழி எளிது. கோப்பை இருமுறை சொடுக்கித் திறவாமல், வெற்று விரிதாளில் ‘டேட்டா’ பகுதிக்குச் சென்று, ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.’ வழியாக உள்ளே கொணர வேண்டும். தமிழ்ப் பெயர்கள் சிதையாதிருக்க ‘யு.டி.எஃப்-8’ஐத் தேர்க. குறியீடும் கணக்கு எண்ணும் ‘எழுத்து’ என்றும், தேதி ‘நாள்-மாதம்-ஆண்டு’ என்றும் நாமே சொல்லிவிட வேண்டும். பின்னர் வரிகளின் எண்ணிக்கையையும், பற்று வரவுக் கூட்டுத்தொகைகளையும் மூலக் கணக்குடன் ஒப்பிட வேண்டும். இறுதிப்படியான இதை ஒருபோதும் விடலாகாது.

ஏனெனில், பிழை நேர்ந்ததைக் கணிப்பொறி பெரும்பாலும் சொல்வதில்லை. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரம் விடுபட்டது. அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று.

ஒரு வரி விடுபட்டால் ஒரு மனிதர் விடுபடுகிறார். கடையிலோ அந்த ஒரு வரி, ஒரு விவசாயிக்குச் சேரவேண்டிய பணமாக இருக்கலாம். ஆகவே தோழியரே, நாளை நம்மில் பலர் கணக்கு எழுதும் மேசையில் அமரும்போது, இயந்திரத்தின் வேகத்தோடு நம் கவனத்தையும் சேர்த்துக்கொள்வோமாக.