பழைய மோட்டார் சைக்கிள்: எந்திரத்திற்கு முன் ஆவணம்

நிலம் ஒன்றை ஈடாக வைத்துக் கடன் கோரி ஒருவர் வங்கிக்கு வரும்போது, நாம் முதலில் நிலத்தைப் பார்ப்பதில்லை. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கிறோம். அவை செம்மையாக இருந்தால்தான் நிலத்தைக் காணச் செல்கிறோம். நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழமையுள்ள மோட்டார் சைக்கிளுக்கும் இந்த ஒழுங்கே பொருந்தும். ஆனால் அதை வாங்க விரும்புவோர் பெரும்பாலும் எந்திரத்தின் ஓசையைக் கேட்டு மனத்தைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் ஆவணத்தைத் தேடுகிறார்கள். வாங்கும் முன்னும், சீரமைக்கும் முன்னும், மரபுரிமையாகப் பெறும்போதும் கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

பழமைக்குச் சட்டம் தரும் வரையறை

பேச்சு வழக்கில் பழைய வண்டி எல்லாமே ‘விண்டேஜ்’ எனப்படுகிறது. சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதன்முதல் பதிவான நாளிலிருந்து 50 ஆண்டுகள் நிறைந்து, சட்டகம், உடற்பகுதி, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களே இவ்வகையைச் சேரும். 1974-இல் பதிவான யெஸ்டி இத்தகுதியை எட்டிவிட்டது. 1985-இல் விற்பனைக்கு வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 எவ்வளவு புகழ் பெற்றிருப்பினும் 2035-க்கு முன் எட்டாது.

இவ்வகையில் புதிதாகப் பதியப்படும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனி வரிசை எண் உண்டு. முன்னரே பதிவான வண்டி தன் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அவ்விதிகள் புதுப்பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணமாக வகுத்தன. பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் இவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்திற்கோ பயன்படுத்தலாகாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் செலுத்தலாம். நாள்தோறும் அலுவலகம் செல்ல எண்ணுபவர் வழக்கமான பதிவையே புதுப்பித்து வைத்திருப்பது நலம். டெல்லி தலைநகர் வட்டாரத்தில் பழைய வாகனங்களுக்கெனத் தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதால், அங்குள்ளோர் நடப்பு நிலையை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

வரலாறு ஒரு தணிக்கையாளர்

பழைய வண்டிகளின் வரலாறு சுவைக்காக மட்டும் அறிய வேண்டியதன்று. விற்பவர் சொல்வது உண்மையா என்று சரிபார்க்கவும் அது பயன்படும்.

ஜாவாவை எடுத்துக்கொள்வோம். 1929-இல் பிராகு நகரில் யானெச்செக் என்பவர் ஜெர்மானிய வாண்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் வடிவமைப்பை வாங்கித் தொழில் தொடங்கினார். அவர் பெயரின் முதல் ஒலியும் வாண்டரரின் முதல் ஒலியும் சேர்ந்ததே ஜாவா. 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் உரிமம் பெற்று இவ்வண்டியை உருவாக்கியது. 250 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் எந்திரம். ஒரே சிலிண்டர், ஆயினும் இருபுறமும் புகைக்குழாய். உதைத்து இயக்கும் நெம்புகோலே முன்பக்கம் சாய்த்தால் கியர் மாற்றும் நெம்புகோலாகவும் ஆகும். இந்த அமைப்பைக் கண்டு வியக்காத மெக்கானிக் இல்லை எனலாம். 1973 முதல் வண்டிகள் யெஸ்டி என்னும் பெயரில் வந்தன. 1996-இல் மைசூர் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. இன்றும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று ஜாவா, யெஸ்டி உரிமையாளர்கள் பல நகரங்களில் ஒன்றுகூடுகிறார்கள்.

இப்போது ஒருவர், “இது 1968-ஆம் ஆண்டு யெஸ்டி” என்று சொன்னால், அப்பெயர் 1973-இல்தான் வந்தது என்பதை நாம் நினைவுகூர வேண்டும். வண்டி 1968-ஐச் சேர்ந்ததாகவும் பெயர்ப்பட்டை பின்னர் ஒட்டியதாகவும் இருக்கலாம். அல்லது பிற்கால வண்டியில் பழைய வண்டியின் ஆவணம் ஏறியிருக்கலாம். அவ்வாறே, 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டுக்கு அக்காலத்தில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. ‘1965 புல்லட்’ ஒன்றில் கியர் இடப்புறம் இருந்தால், எதை, எப்போது மாற்றினார்கள் என்று கேட்பது நம் கடமை.

எண்களும் பதிவுப் புத்தகமும்

சட்டகத்தில் பொறித்த சேசிஸ் எண், எந்திரத்தில் பொறித்த எண், பதிவுச் சான்றில் உள்ள எண்கள் ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றிலும் அரம் தேய்த்த தடமோ, ஒழுங்கற்ற எழுத்துகளோ தென்பட்டால் விலை எவ்வளவு குறைவாயினும் விலகிவிடுவதே அறிவுடைமை. எந்திரம் முன்னர் மாற்றப்பட்டிருந்தால், அம்மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைத் தேடிப் பார்க்கலாம். பழைய கைப்பதிவேடுகளில் உள்ள பல வண்டிகள் கணினியில் ஏற்றப்படாமல் இருக்கக்கூடும். அத்தகைய வண்டியை வாங்கும் முன், விற்பவரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விவரங்களை ஏற்றித் தரவேண்டும் என வலியுறுத்தலாம். வேறு மாநில வண்டியாயின் படிவம் 28-இன்படி தடையின்மைச் சான்று தேவை. பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29-உம் 30-உம் உரியவை.

வெறும் கையொப்பமிட்ட படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டும் வழக்கம் இருவருக்குமே தீங்கானது. விற்றவர் பெயரிலேயே பதிவு நீடித்தால், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளரைச் சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. வாங்கியவரோ, தாம் பணம் செலவிட்டுச் சீரமைத்த வண்டி சட்டப்படி தம்முடையது என்று நிறுவ இயலாமல் நிற்பார்.

தந்தையின் வண்டி

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தில் தந்தை 1974-இல் வங்கிக் கடன் பெற்று யெஸ்டி ஒன்றை வாங்கினார் எனக் கொள்வோம். கடனை உரிய காலத்தில் அடைத்துவிட்டார். ஆனால் பதிவுப் புத்தகத்தில் வங்கிக்குச் சாதகமாக எழுதப்பட்ட ஈட்டுக் குறிப்பை நீக்கவில்லை. அவர் மறைந்தபின் மகன் வண்டியைத் தம் பெயருக்கு மாற்ற முற்படும்போது அக்குறிப்பு தடையாகிறது. கடன் கொடுத்த வங்கியின் பெயர்ப்பலகையே இன்று ஊரில் இல்லை.

இதற்கு வழி உண்டு. வங்கி இணைந்திருந்தாலும் அதன் பதிவேடுகளும் கடமைகளும் இணைத்துக்கொண்ட வங்கிக்கு வந்து சேர்ந்துள்ளன. ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019-இல் பாங்க் ஆஃப் பரோடாவுடன் இணைந்தன. 2020-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், கார்ப்பரேஷன் வங்கியும் ஆந்திரா வங்கியும் யூனியன் வங்கியுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும் இணைந்தன. பதிவுப் புத்தகத்தின் நகல், கடன் அடைத்த ரசீது அல்லது பழைய பாஸ் புத்தகம் எது கிடைப்பினும் எடுத்துக்கொண்டு உரிய வங்கியின் கிளையை அணுகி, தடையின்மைச் சான்றையும் கையொப்பமிட்ட படிவம் 35-ஐயும் கோரலாம்.

உரிமையாளர் மறைந்தால், வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கோர வேண்டும். உடன்பிறந்தோரின் ஒப்புதல் கடிதத்தையும் அப்போதே பெறுவது உறவுக்கும் நல்லது. சீரமைத்து மதிப்பு உயர்ந்தபின் எழும் பங்குக் கேள்வி கசப்பானது. வைப்புக் கணக்கில் நியமனதாரரைக் குறிப்பதுபோல, 2021 முதல் வாகனப் பதிவிலும் நியமனதாரரைக் குறிக்கலாம். இன்று வண்டி வைத்திருப்போர் இதை இன்றே செய்யலாம்.

மீட்பது வேறு, மாற்றுவது வேறு

ஆவணம் செம்மையானபின் பட்டறைக்குச் செல்வோம். பிரிக்கும் முன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுக் குறிப்பெழுதுதல் முதற்படி. மணல் வீசித் துருவகற்றும்போதும் பவுடர் பூச்சின்போதும் சேசிஸ் எண் தேய்ந்தோ மூடப்பட்டோ போகாதபடி அவ்விடத்தை மறைக்கச் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எந்திரத்தில் கிராங்க் பகுதியின் சீல்கள் தளர்ந்திருந்தால் காற்று கசிந்து எந்திரம் மிகையாகச் சூடேறும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் ரீபோர் செய்து சற்றே பெரிய பிஸ்டன் பொருத்தலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு; முன்பு எத்தனை முறை ரீபோர் ஆகியுள்ளது என்பதை விலை பேசும்போதே கேட்க வேண்டும். பழைய உதிரிபாகம் சீராக இயங்குமாயின், பளபளப்புக்காகப் புதியதை மாட்ட வேண்டியதில்லை. நிறத்தை மாற்றினால் பதிவிலும் அதனை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால், நாளை காப்பீட்டுக்கும் விற்பனைக்கும் அதுவே சான்றாகும்.

பணக் கணக்கு

சீரமைப்புக்கு 72,000 ரூபாய் தேவை எனக் கணக்குக்காகக் கொள்வோம். 12% வட்டியில் 24 மாதத் தனிநபர் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,389 ரூபாய். வட்டியாக மட்டும் சுமார் 9,340 ரூபாய் செலவாகும். அதே 24 மாதங்களுக்கு மாதம் 3,000 ரூபாயைத் தொடர் வைப்பில் 6% வட்டியில் இட்டால் சுமார் 4,650 ரூபாய் வட்டி வரவாகும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 ரூபாய் வேறுபாடு. உதிரிபாகம் தேடவே மாதங்கள் ஆகும் இப்பணியில் காத்திருப்பதால் இழப்பு ஏதுமில்லை.

பழைய வண்டியைச் சேமிப்பாகக் கருதுவதும் தகாது. அதற்கு அறிவிக்கப்பட்ட சந்தை விலை இல்லை. விரும்பி வாங்குவோரும் சிலரே. ஓய்வுக்காலத்திற்கோ பிள்ளைகளின் கல்விக்கோ ஒதுக்கிய தொகையை இதில் இடலாகாது. வாங்கும்போது பணத்தை வங்கி வழியே செலுத்துவது பாதுகாப்பு. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

காப்பீட்டில் மூன்றாம் நபர் காப்பு கட்டாயமானது. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் கலந்து பேசி முடிவு செய்வதாகும். படங்களையும் ரசீதுகளையும் காட்டி நியாயமான மதிப்பைக் கேட்டுப் பெறுக. கேளாவிடில் பழைய இரும்பின் விலையே எழுதப்படலாம்.

நினைவில் கொள்க

1. எண்கள் மூன்றும் ஒத்துள்ளனவா?
2. பதிவு நடப்பில் உள்ளதா? ஈட்டுக் குறிப்பு நீங்கியுள்ளதா?
3. விற்பவர்தான் பதிவேட்டில் உள்ள உரிமையாளரா?
4. பெயர் மாற்றம் முடிந்தபின் சீரமைப்பைத் தொடங்குகிறோமா?
5. காப்பீடும் நியமனமும் செய்தாயிற்றா?

இவ்வைந்துக்கும் விடை கிடைத்த வண்டியில் எவ்வளவு உழைப்பை இட்டாலும் அது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நிலைக்கும். உங்கள் வீட்டில் பழைய பதிவுப் புத்தகம் ஒன்று இருந்தால், அதில் எந்த வங்கியின் பெயர் எழுதப்பட்டுள்ளது என்று இவ்வாரமே திறந்து பாருங்கள். அது எங்கள் வங்கியின் பெயராயின், புத்தகத்துடன் அருகிலுள்ள எங்கள் கிளைக்கு வருக.