தூண்டில் முள்ளும் போலி ஈயும்

சூதிற் கிடைத்த வெற்றியை, இரையென்று கருதித் தூண்டிலிரும்பை விழுங்கிய மீனின் பேற்றுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இரையைக் காண்பார் பலர். இரும்பைக் காண்பார் சிலர். அவ்விரும்பை வளைத்தவனை நினைப்பாரோ அரியர். இறகும் பட்டும் கொண்டு ஈயின் உருச்செய்து மீன் பிடிக்கும் ஆங்கில நாட்டுக் கலையை ஆராயுங்கால் இது நமக்கு நன்கு விளங்கிற்று.

1496-ஆம் ஆண்டில் வின்கின் டி வோர்டு என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்ட தூண்டில் நூல் ஒன்று உண்டு. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் அம்மையார் இயற்றியதென்பர். அதற்குத் தக்க சான்றில்லை. பன்னிரண்டு போலி ஈக்களைச் சுருங்கக் கூறும் அந்நூல், முள் செய்யும் முறையையோ விரித்தே உரைக்கின்றது. தையலூசியைக் கரிநெருப்பிலிட்டு, நெருப்பின் நிறமே அதற்கும் வருமளவு காய்ச்சி ஆறவிடல் வேண்டும். எஃகு இளகிக் கத்திக்கு இணங்கும். அப்பொழுது, கவ்விய மீன் நழுவாமைப் பொருட்டுக் கத்தியாற் செதிளொன்று கிளப்பி, நுனியைக் கூராக்கி, மீண்டுங் காய்ச்சி வளைத்து, தண்டின் கடையைத் தட்டிப் பரப்பி அரத்தால் இழைப்பர். இறுதியிற் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் வன்மை மீளும். மென்மை மிகின் மீன் இழுக்க முள் நிமிரும். வன்மை மிகின் ஒடியும். ஈ எத்துணை அழகிதாயினும் பயன் என்?

பின்னாளில் வூஸ்டர்ஷயரிலுள்ள ரெடிச் என்னும் ஊசித்தொழில் ஊர் முள்ளுக்கும் பெயர் பெற்றது. அங்கு உலர்ந்த சாணைக்கல்லில் ஊசி தீட்டினோர் கல்லும் எஃகுமாகிய தூசியை மூச்சில் இழுத்து, நுரையீரல் நைந்து, இளமையிலேயே மாண்டனர். தூசியகற்றும் விசிறி வந்தபோது, அபாயம் நீங்கின் கூலியுங் குறையுமென்றஞ்சி அவர்களே அதனை எதிர்த்தனர். இதனைப் படித்த அன்று நாம் மேலே படிக்கமாட்டாது நூலை மூடிவைத்தோம்.

ஈ கட்டுவோன் முள்ளை இடுக்கியில் இறுக்கி, தண்டில் மெழுகிட்ட பட்டுநூலைச் சுற்றி, விலங்கின் மென்மயிரை நூலோடு திரித்து உடலாக்கி, சேவலின் கழுத்திறகைச் சுற்றிக் கால்களாக்குவான். நீர்மேல் மிதக்கவேண்டிய ஈக்கு முள் கனத்தல் ஆகாது.

பழைய முட்களுக்குக் காதில்லை. பட்டுப்புழுவினின்று எடுத்த நரம்பைத் தண்டோடு சேர்த்துக் கட்டுவர். நரம்பு நைந்தால் நல்ல ஈயும் பாழ். 1879-ஆம் ஆண்டையொட்டிக் காதுடைய முள்ளைச் செப்பஞ்செய்து பரப்பியவருள் ஒருவர் எச். எஸ். ஹால். ஆம், நைட் என்பாருடன் கூடி இயற்கணித நூல் எழுதி, மாணவர் பலரை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த கிளிப்டன் கல்லூரி ஆசிரியரே அவர்! மீனுக்கும் மாணாக்கர்க்கும் அவர் வைத்த முட்களில் எது கூரியதென்பதைக் கணித வகுப்பினரே கூறுக.

ஹாலின் பெயர் நின்றது. கம்பி வளைத்தோர் பெயரை யார் கேட்டார்? பேதுரு தூண்டிலிட்டு மீன்வாயினின்று வரிப்பணம் எடுக்குமாறு பணிக்கப்பட்டதை மத்தேயு எழுதுகின்றார். கடல், மீன், வெள்ளிக்காசு, வரி எல்லாவற்றையுங் கூறிய அவரும், அம்முள்ளை அடித்த கொல்லனைக் கூறினாரல்லர்.