பொன்னாடை வேண்டாம், கையெழுத்து போதும்



கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முகம்தான் வாடிக்கையாளருக்குத் தெரியும். உள்ளே மூடைகளுக்கு நடுவே நின்று, சரக்கை எடுத்து, எடை பார்த்து, கட்டி அனுப்புகிறவர் முகம் தெரிவதில்லை. அப்படிப்பட்ட ஒரு தொழிலாளியிடம் நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தை இங்கே எழுதுகிறோம். இதில் எங்கள் தவறும் அடங்கியிருக்கிறது. மறைக்காமல் எழுதினால்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

மதுரை கீழமாசி வீதிப் பகுதியில் அண்ணன் தம்பி நாங்கள் இருவரும், தந்தையார் வைத்த பலசரக்கு மொத்தக் கடையை நடத்தி வருகிறோம். எங்களிடம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் வேலை பார்க்கிறார். பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சும் வராது. சிறு வயதில் காது கேளாதோர் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். வெளியூர்க் கடைக்காரர்களின் சிட்டையைப் பார்த்துச் சரக்கை எடுத்து வைத்து, கட்டி, கடைக்குறி எழுதி, லாரியில் ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு.

அவர் கட்டும் கட்டைப் பார்த்தாலே தெரியும். தேயிலையும் ரவையும் இருக்கும் பெட்டியில் சோப்பையோ ஊதுபத்தியையோ வைக்க மாட்டார்; வாசனை ஏறிவிடும். பெருங்காயமும் கற்பூரமும் தனிப் பொட்டலம். கண்ணாடி பாட்டில்களுக்கு நடுவே வைக்கோலோ பழைய காகிதமோ இருக்கும். இதையெல்லாம் நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. லாரியில் ஒவ்வோர் உருப்படி ஏறும்போதும் சிட்டையின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுவார். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். அவருடைய வேலையும் அப்படித்தான்; சத்தமே இருக்காது. சத்தம் இல்லாததாலேயே அது எங்கள் கண்ணில் படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அவரை நாங்கள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவருடைய குறையையே பெயராக்கி வைத்திருந்தோம். அவருக்குத்தான் கேட்காதே என்ற நினைப்பு.

ஒரு முறை, கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் துவரம் பருப்பு மூடை ஒன்று வந்து சேரவில்லை என்று நேரில் வந்து சத்தம் போட்டார். பண்டிகை நேரம், கடை நிறையக் கூட்டம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்ற கதையாக, எங்கள் கை நேராக அவரைத்தான் காட்டியது. காது கேளாத மனிதரை எல்லோர் முன்னிலையிலும் உரக்கத் திட்டினோம். அவர் உள்ளே ஓடிப் போய் அந்தச் சிட்டையை எடுத்து வந்து, பின்பக்கத்தைத் திருப்பி விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். நாங்கள் வாங்கிப் பார்க்கவில்லை. மூடையின் விலையைத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டோம்.

பதினைந்து நாள் கழித்து மூடை கிடைத்தது. கடைக்குறி ஏறக்குறைய ஒன்றுபோல இருந்ததால், பக்கத்து ஊரில் வேறொரு கடையில் இறக்கியிருக்கிறார்கள். அப்போதுதான் அந்தச் சிட்டையைத் தேடி எடுத்தோம். பின்பக்கம் பதினொரு கோடு. லாரி ரசீதிலும் பதினோரு உருப்படி. அன்றைக்கே பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அவர் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் சொல்லாமல் இருக்கவில்லை. நாங்கள்தான் கேட்கவில்லை.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஆனால் எங்கள் மனம் ஆறவில்லை. திட்டியது நாலு பேர் முன்னால். பணத்தைக் கொடுத்தது தனியறையில். இது நியாயக் கணக்கு ஆகுமா?

அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று தொழிலாளர்களும் வாடிக்கையாளர்களும் கூடியிருந்தபோது, தவறு எங்களுடையது என்று அண்ணன் சொன்னார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் அதைச் சைகையில் தந்தைக்குச் சொன்னாள். பொன்னாடை போர்த்தப் போனோம். அவர் கையை அசைத்துத் தடுத்து, மகளிடம் ஏதோ சொன்னார். அவள், “அப்பாவுக்குப் பொன்னாடை வேண்டாமாம். லாரியில் சரக்கு ஏறியதும், அவர் போடும் கோட்டுக்குப் பக்கத்தில் டிரைவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். பிறகு, அவரைக் கூப்பிடும் அந்தச் சொல் வேண்டாமாம். உதடு அசைவதைப் பார்த்தே அவருக்குத் தெரியுமாம்” என்றாள்.

கூடியிருந்தவர்கள் யாரும் பேசவில்லை. அன்று முதல் அவருடைய பெயர் எங்கள் கடையில் வழங்குகிறது. டிரைவர் கையெழுத்தும் நடைமுறைக்கு வந்தது. அதனால் உருப்படி குறைந்ததென்று வரும் வழக்குகளும் நின்றன. அவர் தமக்காகக் கேட்டது கடைக்கே லாபமாயிற்று.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. பெயர் சொல்லி அழையுங்கள். குறையைச் சொல்லி அழைப்பது பண்பாடற்றது மட்டுமல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி, இழிவுபடுத்தும் நோக்கத்துடன் பலர் அறிய அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்திருக்கிறது.

2. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கொடுங்கள். “பாவம், வேலை கொடுத்திருக்கிறோம்” என்று சொல்லிக் குறைத்துக் கொடுப்பது தருமம் ஆகாது. தராசில் தட்டைச் சாய்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

3. வேலை செய்யும் இடத்தைச் சரி செய்யுங்கள். காது கேளாதவருக்கு மணிக்குப் பதிலாக ஒரு விளக்கு போதும். சுவிட்சைத் தட்டினால் திரும்பிப் பார்ப்பார். கால் ஊனமுற்றவருக்குத் தராசின் உயரத்துக்கு ஏற்ற முக்காலி போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு சர்க்கரை மூடையின் விலைகூட வராது.

4. குற்றம் சாட்டும் முன் அவருடைய விளக்கத்தை அவர் அறிந்த வழியில் கேளுங்கள். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நாமும் பத்துச் சைகைகளாவது கற்றுக்கொள்ளலாம். மத்திய அரசு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட இந்திய சைகை மொழி அகராதியில் முதலில் 3,000 சொற்கள் இருந்தன. 2021-இல் அவை 10,000 ஆயின.

5. தனித்துவ அடையாள அட்டை இல்லாதவராக இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நாள் சம்பளத்துடன் அனுப்பி வாங்கச் செய்யுங்கள்.

இப்போது சிட்டைகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. முன்பு தொலைபேசியில் எங்களிடம் சொன்ன கடைக்காரர்கள், இன்று நேராக அவருக்கே எழுதி அனுப்புகிறார்கள். “அவர் கையால் கட்டி அனுப்புங்கள்” என்று சொல்பவர்களும் உண்டு. அவர் இன்னும் சிட்டையைத் தாளில் எடுத்து, பின்பக்கம் பென்சிலால் கோடு போடுகிறார். பக்கத்தில் டிரைவர் கையெழுத்து இருக்கிறது.

உங்கள் கடையிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். எடை போடுகிறவராக இருக்கலாம்; பொட்டலம் மடிக்கிறவராக இருக்கலாம். விழா எடுக்க வேண்டியதில்லை. அவர் செய்யும் வேலையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். வேலைக்கு என்ன தேவை என்று அவரையே கேளுங்கள். கேட்டதைச் செய்து கொடுங்கள். அதுவே பாராட்டு.