டி. ரெக்ஸா, ஜிகனோட்டோசாரஸா?

கேள்வி: டி. ரெக்ஸ், ஜிகனோட்டோசாரஸ் என்ற இரண்டு டைனோசர்களும் நேருக்கு நேர் மோதினால் எது ஜெயிக்கும்?

பதில்: என் ஓட்டு டி. ரெக்ஸுக்குத்தான். நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், 12 மீட்டருக்கு மேல். வித்தியாசம் பல்லில் இருக்கிறது. ஜிகனோட்டோசாரஸின் பல் தட்டையானது. கருக்கரிவாள் போல ஓரத்தில் நுண்ணிய கருக்கு. சதையை அறுத்துக் கிழிக்க அருமையான ஆயுதம். ஆனால், எலும்பில் பட்டால் முறியக்கூடும். டி. ரெக்ஸின் பல்லோ வாழைப்பழத் தடிமன்; வேரோடு சேர்த்தால் ஓர் அடி நீளம்! கனடாவின் சஸ்காட்செவனில் கிடைத்த, டி. ரெக்ஸினுடையது என்று கருதப்படும் சாணம் ஒன்று கல்லாக உறைந்திருந்தது. 1998-ல் வெளியான ஆய்வின்படி, அதற்குள் இருந்தவை பொடிப்பொடியான எலும்புத் துண்டுகள். எலும்பையே நொறுக்கும் அந்தக் கடி எதிரியின் கழுத்தில் ஒருமுறை விழுந்தால் போதும், சண்டை முடிந்துவிடும். முன்னோக்கிய கண்கள் வேறு. தூரத்தைச் சரியாகக் கணிக்கும்.

முதல் கடி ஜிகனோட்டோசாரஸுடையதாக இருந்தால்? ரத்தம் நிறையப் போகும், டி. ரெக்ஸ் திணறும். அப்போதும் என் தீர்ப்பு மாறாது.

நிஜத்தில் இவை சந்தித்ததே இல்லை. ஜிகனோட்டோசாரஸ் வாழ்ந்தது இன்றைய அர்ஜென்டினாவில், டி. ரெக்ஸ் வட அமெரிக்காவில். நடுவே சுமார் 3 கோடி ஆண்டு இடைவெளி.