எம்மி விருதுகள் எதனை அளக்கின்றன?

தோற்றுவாய்

மன்னர்கள் புலவர்க்குப் பொற்கிழி வழங்கிய காலந்தொட்டுப் பரிசு என்பது மனித வாழ்வில் இருந்து வருகிறது. பரிசு பெற்றவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பரிசளித்தவர்கள் எதனை அளந்து பார்த்து அளித்தார்கள் என்று கேட்பது குறைவு. அக்கேள்வியை ஒரு பரிசின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் ஆண்டுதோறும் வழங்கப்பெறும் எம்மி விருதினை இதற்கென எடுத்துக் கொள்கிறேன்.

எம்மியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சிக்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. எத்தனை வீடுகளில் பார்த்தார்கள் என்னும் எண்ணிக்கை ஒன்று. தொழில் அறிந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்னும் மதிப்பீடு மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்துப்போன இடங்களும் மோதிக்கொண்ட இடங்களும் எம்மி வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

பெயரும் சிலையும்

1946-ஆம் ஆண்டில் சிட் காசிட் என்பவரின் முயற்சியால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொலைக்காட்சிக் கலை அறிவியல் கழகம் தொடங்கப்பெற்றது. தொலைக்காட்சியே அப்போது கைக்குழந்தை. கழகம் ஒரு விருது வழங்க எண்ணியபோது அதற்கு என்ன பெயரிடுவது என்ற வினா எழுந்தது. முதலில் ‘ஐக்’ என்னும் பெயரை எண்ணினார்கள். ஐக்கனாஸ்கோப் என்னும் பழைய படக்குழலின் செல்லப்பெயர் அது. ஆனால் படைத்தலைவர் ஐசனோவரையும் நாட்டு மக்கள் அப்பெயராலேயே அழைத்து வந்தனர். எனவே அது கைவிடப்பட்டது. பொறியியல் வல்லுநரான ஹாரி லப்கே ‘இம்மி’ என்னும் பெயரைச் சொன்னார். அதுவும் ஒரு குழலின் செல்லப்பெயரே. படக்கருவிக்குள் இருந்து ஒளியை மின்குறியாக மாற்றும் இமேஜ் ஆர்த்திக்கான் என்னும் குழலைத் தொழிலாளர் அவ்வாறு அழைத்தனர். பெண்ணுருவச் சிலைக்கு ஏற்றவாறு இம்மி என்பது எம்மி ஆயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பழைய ஐக்கனாஸ்கோப் வேலை செய்யக் கண்ணைக் கூசும் விளக்கொளி தேவைப்பட்டது. இமேஜ் ஆர்த்திக்கானோ மிகக் குறைந்த ஒளியிலும் உருவத்தைப் பிடித்துத் தரவல்லது. மங்கிய ஒளியிலும் காணவல்ல ஒரு கண்ணின் பெயரே இவ்விருதுக்கு வாய்த்தது.

சிலையின் வடிவத்துக்கென வந்தவற்றுள் 47 வரைவுகளைக் கழகம் தள்ளியது. இறுதியில் லூயி மக்மேனஸ் என்னும் பொறியாளர் தம் மனைவியையே மாதிரியாகக் கொண்டு வரைந்த வடிவம் ஏற்கப்பட்டது. சிறகுடைய ஒரு பெண் அணுவின் உருவைக் கைகளில் ஏந்தி நிற்கிறாள். சிறகு கலையைக் குறிக்கும். அணு அறிவியலைக் குறிக்கும்.

முதல் விழா

1949 சனவரி 25 அன்று ஹாலிவுட் உடற்பயிற்சிக் கழகத்தில் முதல் விழா நடைபெற்றது. நுழைவுச்சீட்டின் விலை 5 டாலர். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து நிகழ்ச்சிகள் மட்டுமே போட்டிக்கு உரியவை. அன்று வழங்கப்பட்டவை ஆறே விருதுகள்.

அவற்றுள் முதல் விருதைப் பெற்றவர் ஷெர்லி டின்ஸ்டேல் என்னும் பெண். உதடு அசையாமல் பொம்மைக்குக் குரல் கொடுப்பது அவர் கலை. பொம்மையின் பெயர் ஜூடி ஸ்பிளிண்டர்ஸ். சிறந்த தொலைக்காட்சி ஆளுமை என்று அவர் பாராட்டப் பெற்றார். ஓர் ஊரின் குடும்ப விழா போன்று தொடங்கிய இது, 1955-ஆம் ஆண்டில் முதன்முறையாக நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று. 1973-இல் பிற நாட்டு நிகழ்ச்சிகளுக்கெனப் பன்னாட்டு எம்மியும், 1974-இல் பகல்நேர நிகழ்ச்சிகளுக்கெனத் தனி விழாவும் ஏற்பட்டன. இன்று எம்மி என்பது ஒரே விழாவின் பெயராக இல்லாமல் ஒரு குடும்பத்தின் பெயராக விளங்குகிறது.

தேர்வு முறை

‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்பது நம் பழமொழி. எம்மியின் தேர்வுமுறை இப்பழமொழியின் மேல் எழுந்ததே எனலாம். மாலைநேர நிகழ்ச்சிகளுக்கான எம்மியில் கழக உறுப்பினர்கள் தொழில்வாரியாகப் பிரிந்திருக்கிறார்கள். நடிகர்களைப் பரிந்துரைப்போர் நடிகர்கள். இயக்குநர்களைப் பரிந்துரைப்போர் இயக்குநர்கள். படத்தொகுப்பை மதிப்பிடுவோர் படத்தொகுப்பாளர்கள். சிறந்த தொடர் எது என்னும் பெரிய வினாவுக்கு எல்லாப் பிரிவினரும் வாக்களிக்கின்றனர்.

இம்முறையின் நன்மை வெள்ளிடைமலை. ஒரு காட்சியில் ஒளி எவ்வளவு கடினமாக அமைக்கப்பட்டது என்பதை வீட்டில் அமர்ந்து பார்க்கும் நாம் அறியோம், ஒளிப்பதிவாளர் அறிவார். ஆயினும் குறை இல்லாமல் இல்லை. தமக்குப் பழக்கமான முகத்தையும் பாணியையுமே தொழிலாளர் கூட்டம் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்க இம்முறை இடந்தருகிறது. நன்மையும் குறையும் எவ்வாறு விளைந்தன என்பதை இனிக் காண்போம்.

எண்ணிக்கைக்கு எதிரே மதிப்பீடு

1981-இன் தொடக்கத்தில் ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ என்னும் காவல்நிலையத் தொடர் என்.பி.சி. நிறுவனத்தில் ஒளிபரப்பாயிற்று. ஒரே நேரத்தில் பலருடைய கதைகள் பின்னிச் செல்வதும், பலர் ஒருங்கே பேசுவதும் அக்காலப் பார்வையாளருக்குப் புதுமை. முதல் ஆண்டில் பார்வையாளர் கணக்கில் அது அடிவரிசையில் கிடந்தது. ஆனால் அவ்வாண்டு விழாவில் 8 எம்மி விருதுகளைப் பெற்றது. பிறகே மக்கள் அதன் பக்கம் திரும்பினர். 1981 முதல் 1984 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த நாடகத் தொடருக்கான விருது அதற்கே கிடைத்தது.

1982-இல் தொடங்கிய ‘சியர்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரின் கதையும் இத்தகையதே. முதல் ஆண்டில் பார்ப்பார் குறைவு. 1983-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி அதற்கு வந்தது. அத்தொடர் 1993 வரை பதினொரு பருவங்கள் நடந்தது.

இரு பெண் காவல் அதிகாரிகளைப் பற்றிய ‘காக்னி அண்ட் லேசி’ 1983-இல் நிறுத்தப்பட்டே விட்டது. பார்வையாளர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தனர். அவ்வாண்டே டைன் டேலி சிறந்த நடிகைக்கான எம்மியைப் பெற்றார். தொடர் 1984-இல் மீண்டு வந்தது. 1983 முதல் 1988 வரை ஆறு ஆண்டுகளும் நாடகத் தொடரின் சிறந்த நடிகைக்கான விருதை அத்தொடரின் டைன் டேலியும் ஷாரன் கிளெஸ்ஸுமே பகிர்ந்து கொண்டனர். நான்கு முறை டேலி. இரு முறை கிளெஸ். நிறுத்தப்பட்ட ஒரு தொடரின் இருவர், மற்றெவர்க்கும் அவ்விருதை ஆறாண்டுகள் விட்டுக் கொடுக்கவில்லை என்பது எண்ணி மகிழத்தக்கது.

இம்மூன்றையும் நோக்குங்கால், எண்ணிக்கை காணத் தவறியதைத் தொழில் அறிந்தவர் கண்டு காட்டினர் என்பது புலனாகும். விருதின் முதற் பயன் இதுவே.

கிட்டாத பரிசுகள்

ஆனால் தொழில் அறிந்தவர் கண்களும் மறைக்கப்படுவதுண்டு. பால்ட்டிமோர் நகரத்தின் போதைப்பொருள் வணிகம், துறைமுகம், நகராட்சி, பள்ளிக்கூடம், செய்தித்தாள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்த ‘தி வயர்’ 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்கள் ஒளிபரப்பாயிற்று. பரிந்துரை இரண்டு, விருது ஒன்றுமில்லை. 2021-இல் பி.பி.சி. நிறுவனம் பல நாட்டு வல்லுநர்களிடம் கேட்டபோது, இந்நூற்றாண்டின் சிறந்த தொலைக்காட்சித் தொடராக அவர்கள் முதலிடம் தந்தது இதற்கே. ‘பெட்டர் கால் சால்’ என்னும் தொடர் 2015 முதல் 2022 வரை நடந்து 53 பரிந்துரைகளைப் பெற்றது. ஒரு விருதும் பெறவில்லை.

பகல்நேரத் தொடர் நடிகை சூசன் லூசியின் கதை பொறுமைக்கு எடுத்துக்காட்டு. பதினெட்டு முறை பரிந்துரைக்கப்பட்டும் விருது கைநழுவியது. 1999-இல் பத்தொன்பதாம் முறை அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது அரங்கமே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது.

பரிசு பெறாதது தகுதியில்லாதது ஆகாது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமோ?

வாய்ப்பு என்னும் மூன்றாம் அளவு

இதுவரை எண்ணிக்கை, மதிப்பீடு என்னும் இரண்டு அளவுகளைக் கண்டோம். விருது பெற்றோர் பட்டியலை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால் மூன்றாவது ஒன்றும் வெளிப்படுகிறது. அதன் பெயர் வாய்ப்பு.

முதல் விழா நடந்தது 1949-இல். கறுப்பினத்தவர் ஒருவர் எம்மி பெற்றது 1960-இல்; அவர் பாடகர் ஹாரி பெலஃபோன்டே. கறுப்பினப் பெண் ஒருவர் முதன்முதலாகப் பெற்றது 1970-இல். துணை நடிகை கெயில் ஃபிஷர். நகைச்சுவைத் தொடரின் முதன்மை நடிகைக்கான விருது 1981-இல் இசபெல் சான்ஃபோர்டுக்குக் கிடைத்தது. நாடகத் தொடரின் முதன்மை நடிகை விருதைக் கறுப்பினப் பெண் ஒருவர் பெற 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனைப் பெற்ற வயோலா டேவிஸ், நிறத்தால் வேறுபட்ட பெண்களை மற்றவரிடமிருந்து பிரித்து வைப்பது வாய்ப்பு ஒன்றே என்றும், எழுதப்படாத பாத்திரத்துக்கு எவரும் எம்மி பெற முடியாது என்றும் மேடையிலேயே எடுத்துரைத்தார்.

ஆழ்ந்து எண்ணத்தக்க கருத்து இது. நடுவர்கள் எவ்வளவு நேர்மையாளராயினும், தம் முன் வைக்கப்பட்டவற்றுள் இருந்துதானே தேர்ந்தெடுக்க இயலும்? திரையில் இடம் பெறாதவர் மேடையிலும் இடம் பெறார். ஆகவே விருதுப் பட்டியலில் காணும் வெற்றிடம், திறமை இல்லாமையைக் காட்டுவதாகக் கொள்ளுதல் தவறு. கதவு அடைத்திருந்ததையே அது காட்டுகிறது.

‘ஷோகன்’ என்னும் கதை இதனை நன்கு விளக்கும். 1600-ஆம் ஆண்டை ஒட்டிய ஜப்பானில் ஆங்கில மாலுமி ஒருவன் கரையேறும் கதை அது. 1980-இல் அமெரிக்காவில் தொடராக வந்தபோது ஜப்பானியர் பேசியவை பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படாமலே விடப்பட்டன. மாலுமிக்குப் புரியாதது பார்வையாளருக்கும் புரிய வேண்டாம் என்பது அன்றைய உத்தி. 1981-இல் அத்தொடரும் எம்மி பெற்றது. 2024-இல் அதே கதை மீண்டும் வந்தது. இம்முறை உரையாடலின் பெரும்பகுதி ஜப்பானிய மொழி. பொருள் திரையின் அடியில் எழுத்தில் வந்தது. அத்தொடர் ஒரே ஆண்டில் 18 எம்மிகளைப் பெற்று, ஒரு பருவத்துக்கான சாதனையை நிறுவியது. ஆங்கிலம் அல்லாத மொழியைப் பெரும்பகுதியாகக் கொண்ட ஒரு தொடர் சிறந்த நாடகத் தொடர் விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஹிரோயுகி சனாடாவும் அன்னா சவாயும் சிறந்த நடிகரும் நடிகையும் ஆயினர். கதை ஒன்றே, பேசும் உரிமை யாருக்கு என்பதே மாறியது.

நம்மவர் பங்கு

இந்திய வம்சாவளியினரான ஆர்ச்சி பஞ்சாபி 2010-இல் ‘தி குட் வைஃப்’ தொடருக்காகச் சிறந்த துணை நடிகை விருது பெற்றார். 2020-இல் ‘டெல்லி கிரைம்’ சிறந்த நாடகத் தொடருக்கான பன்னாட்டு எம்மியைப் பெற்றது. இந்தியத் தொடர் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. 2023-இல் வீர் தாஸ் நகைச்சுவைக்கான பன்னாட்டு எம்மியைப் பகிர்ந்து கொண்டார்.

இவற்றினும் நமக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. 2016-இல் நகைச்சுவைத் தொடருக்கான சிறந்த எழுத்து விருதை அசீஸ் அன்சாரியும் ஆலன் யாங்கும் பெற்றனர். அன்சாரியின் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா சென்ற தமிழ் முஸ்லிம் குடும்பத்தினர். யாங்கின் பெற்றோர் தைவானிலிருந்து சென்றவர்கள். விருது பெற்ற பகுதியின் தலைப்பே ‘பெற்றோர்’ என்பதுதான். கடல் கடந்து சென்று உழைத்தவர்களின் கடந்த காலத்தை அவர்களுடைய பிள்ளைகள் கேட்டறியாமலே வளர்வதைப் பற்றியது அது. அன்சாரியின் உண்மையான தாய் தந்தையரே அதில் தாய் தந்தையராக நடித்தனர். விருதைப் பெற்றுக்கொண்ட யாங், அமெரிக்காவில் இத்தாலிய வழியினரும் ஆசிய வழியினரும் ஏறத்தாழ ஒரே தொகையினர் என்பதைச் சுட்டிக்காட்டி, அவர்களுக்குப் புகழ்பெற்ற திரைப்படங்கள் பல இருக்க எங்களுக்கு என்ன இருக்கிறது என்று வேடிக்கையாகக் கேட்டார். சிரிக்க வைத்த அக்கேள்விக்குள் இருந்தது வாய்ப்பு என்னும் அதே செய்திதான்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால், எம்மி விருது தொழில் திறனை அளக்கிறது என்பதும், எண்ணிக்கை தவறவிட்ட சிலவற்றைக் காப்பாற்றியிருக்கிறது என்பதும், அதுவே தவறவிட்டவையும் உண்டு என்பதும், எல்லாவற்றுக்கும் அடியில் வாய்ப்பின் வரலாறு மறைந்து கிடக்கிறது என்பதும் தெளிவாகும்.

போட்டிகளும் பரிசளிப்பு விழாக்களும் கல்லூரி வாழ்வில் நமக்குப் புதியன அல்ல. ஒரு பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதும் யார் பெயர் இருக்கிறது என்று தேடுகிறோம். நண்பர்களே, போட்டியில் கலந்துகொள்ளவே யாருக்கு இயலவில்லை என்றும் ஒருமுறை தேடுவோம். பயிற்சி முடியும் வரை நின்றால் ஊருக்குக் கடைசிப் பேருந்து கிடைக்காது என்று பெயர் கொடுக்காதவர் நம் வகுப்பிலேயே இருக்கலாம். அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

எம்மி என்னும் பெயர், குறைந்த ஒளியிலும் காணும் ஒரு குழலிலிருந்து வந்தது என்று முன்னர்க் கூறினேன். வெளிச்சத்தில் நிற்பவரைக் காண எந்தக் கண்ணும் போதும். மங்கலில் நிற்பவரையும் காண்பதே அப்பெயருக்கு ஏற்ற பணி. விருது வழங்குவோர்க்கு மட்டும் உரிய பணியன்று அது. பார்ப்போராகிய நமக்கும் உரியதே என்று கூறி அமைகிறேன்.