காற்றில் பங்கு கொண்ட தீவு

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நம் முன்னோர் மொழி. அன்று களத்து நெல்லைத் தூற்றிய காற்று, இன்று பல நாடுகளில் மின்சாரம் தருகிறது. ஆனால், காற்றாலை வந்த ஊரெல்லாம் செழித்துவிடுவதில்லை. காரணம் என்ன? வருமானம் பிரியும் வழியை முதலில் காண்போம்.

காற்றாலை அமைக்கும்போது, சாலை போடவும் அடித்தளம் கட்டவும் பலருக்கு வேலை கிடைக்கும். அவ்வேலை முடிந்தபின் இயந்திரத்தைப் பேணச் சிலரே போதும். நிலம் உடையவர் வாடகை பெறுவார். மின்சாரம் விற்ற இலாபமோ ஆலைக்கு உடையவரையே சேரும். அவர் தொலைவிலுள்ள நகரத்தவராயின், இலாபமும் அந்நகருக்கே சென்றுவிடும். நிலமற்ற உழைப்பாளிக்கு, சுழலும் இறக்கையைக் காண்பதும் அதன் இரைச்சலைக் கேட்பதுமே மிஞ்சும்.

இந்நிலையை மாற்ற இயலும் என்பதற்கு டென்மார்க் நாட்டின் சாம்சோ தீவு சான்றாகும். அங்கு ஏறத்தாழ 4,000 மக்கள் வாழ்கின்றனர்; உருளைக்கிழங்கு முதலியன பயிரிடுகின்றனர். 1997-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் ஒரு போட்டி நடத்தியது. காற்று, வெயில், வைக்கோல் போன்றவற்றைக் கொண்டே பத்தாண்டுகளில் தன் எரிபொருள் தேவையை நிறைவு செய்யும் முன்மாதிரித் தீவாகச் சாம்சோ தேர்ந்தெடுக்கப்பட்டது.

தொடக்கத்தில் மக்கள் தயங்கினர். அத்தீவிலேயே பிறந்து ஆசிரியப் பணி புரிந்த சோரன் ஹெர்மான்சன், கூட்டம் கூட்டமாகச் சென்று அவர்களிடம் பேசினார். ஆலையைக் கண்ணால் காண்போர் அதில் பங்கும் பெறவேண்டும் என்பதே அங்குக் கடைப்பிடித்த நெறி.

2000-ஆம் ஆண்டில், ஒவ்வொன்றும் 1 மெகாவாட் ஆற்றலுடைய 11 காற்றாலைகள் நிலத்தில் எழுந்தன. அவற்றுள் 9 உழவர்களுக்குச் சொந்தம்; 2 கூட்டுறவுக்குச் சொந்தம். சொந்த நிலமில்லாதவரும் சிறு தொகை செலுத்திப் பங்குதாரர் ஆயினர். மின்சாரத்தின் விலையைக் குறிப்பிட்ட காலத்திற்கு அரசாங்கம் உறுதி செய்தமையால், துணிந்து முதலிட முடிந்தது. 2003-ஆம் ஆண்டில் கடலில் மேலும் 10 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றுள் 5 ஊராட்சி மன்றத்தின் உடைமையாயின. தீவு செலவிடும் மின்சாரத்தைவிட அதிகமாகவே காற்று ஈட்டித் தந்தது.

இதில் இடரே இல்லை என எண்ணலாகாது. மின்சார விலை இறங்கினால் பங்காதாயமும் குறையும். பழுது பார்க்கும் செலவும் பங்குதாரரையே சாரும். உடைமை என்பது உரிமை மட்டுமன்று, பொறுப்புமாகும்.

இப்பாடம் நமக்குப் புதியதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் வெட்டிய நம்மவர், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். சாம்சோ மக்கள் காற்றில் செய்ததை, அவர்களுக்கு முன்பே நம்மவர் நிலத்தில் செய்து காட்டினர்.

தீபகற்ப மலேசியாவில் காற்றின் வேகம் குறைவு. எனவே, நம் வட்டாரத்திற்கு வருவது காற்றாலையாக இராது. வெயிலில் மின்சாரம் எடுக்கும் பண்ணையாகவோ வேறொரு தொழிலாகவோ இருக்கலாம். எது வரினும், நாம் கூடிப் பேசி மூன்று கேள்விகளைக் கேட்போம்:

1. இதற்கு உடையவர் யார்?
2. இதில் பங்கு பெற நமக்கு வழியுண்டா?
3. ஆண்டுதோறும் கணக்கை நமக்குக் காட்டுபவர் யார்?

வேலை கிடைக்குமா என்று மட்டும் கேட்பவர் கூலி பெறுவர். இம்மூன்றையும் சேர்த்துக் கேட்பவரே பங்கும் பெறுவர்.