அட்ரோபின்: எல்லையோரத்தில் பணிக்கு வரும் இளம் கால்நடை மருத்துவருக்குக் கடிதம்

அட்ரோபின், உடலில் அசெட்டைல்கோலின் செய்யும் வேலையைத் தடுக்கும் மருந்து. கொடுத்ததும் எச்சிலும் சளியும் வற்றும், குடல் ஓயும், கண்மணி விரியும், இதயம் வேகமெடுக்கும். ஊமத்தையின் நச்சுத்தன்மைக்கும் இதே வகைச் சரக்குதான் காரணம். நாய்க்கும் பூனைக்கும் இது மூன்று இடங்களில் பயன்படுகிறது: மயக்கத்தில் தளரும் இதயத் துடிப்பைத் தூக்க, கண்ணின் உள்வீக்கத்தில் வலியைத் தணிக்க, பூச்சிமருந்து விஷத்தை முறிக்க. இடுக்கியின் வண்டன்மேடு, நெடுங்கண்டம், கம்பம்மெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலும் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலும் மூன்றாவதற்குத்தான் மருத்துவர் முதலில் தயாராக இருக்க வேண்டும்.

ஏலச்செடிக்கு அடிக்கும் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகை. குருணையாக வரும் கார்போபியூரான் கார்பமேட் வகை. கேரள அரசு 2011இல் கார்போபியூரான், ஃபோரேட் உள்ளிட்ட பல பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. ஆனால் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், விதி வேறு. ஆகவே தடையை நம்பி எந்த விஷத்தையும் கணக்கிலிருந்து தள்ளிவிடக் கூடாது. மருந்து கலக்கிய டிரம்மை நாய் நக்குவது, காட்டுப்பன்றிக்கு வைத்த இறைச்சியைத் தின்பது, உண்ணி போகட்டும் என்று வீட்டார் வயல் மருந்தையே உடம்பில் தேய்ப்பது ஆகிய மூன்று வழிகளையும் விசாரிக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டால் ஒழிய யாரும் சொல்லமாட்டார்கள். அதட்டாமல் கேட்டால் சொல்வார்கள்.

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் ஆகிய இரு வகை விஷமும் அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். எச்சில் வழியும், பேதியாகும், சிறுநீர் தானாகப் போகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி கரகரக்கும். சாவு பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் வருகிறது.

ஆனால் எச்சில் ஒழுகும் நாயெல்லாம் விஷம் தின்ற நாயல்ல. முதலில் நினைக்க வேண்டியது வெறிநோய். குணம் மாறியிருக்கிறதா, தாடை தொங்குகிறதா, தடுப்பூசி போட்டதா என்று கேட்டறியும் முன் வெறுங்கையை வாய்க்குள் விடக் கூடாது. டெல்டாமெத்ரின் போன்ற உண்ணி மருந்துகளும் எச்சிலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும்; அவற்றுக்கு அட்ரோபின் முறிமருந்து அல்ல. அமிட்ராஸ் விஷத்தில் துடிப்பு குறைந்திருந்தாலும் அட்ரோபின் தவிர்க்கப்படுகிறது. ஏற்கெனவே ஓய்ந்த குடலை அது மேலும் முடக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஐயம் தீராவிட்டால் சோதனை அளவு உதவும்: கிலோவுக்கு 0.02 மி.கி. சிரைவழி கொடுத்ததும் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, துடிப்பு ஏறினால், இது ஆர்கனோபாஸ்பேட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. அறிகுறிகள் மாறாமல் அப்படியே இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அளவில்தான் புதியவர் தடுமாறுவார். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆம்பியூலில் 1 மி.லி.க்கு 0.6 மி.கி. இருக்கும். 15 கிலோ நாட்டு நாய்க்கு மயக்கத்துக்கு முன் கிலோவுக்கு 0.04 மி.கி. என்றால் ஓர் ஆம்பியூல் போதும். அதே நாய் விஷத்தோடு வந்தால் கிலோவுக்கு 0.2 மி.கி. என்று தொடங்கினாலே 3 மி.கி., அதாவது ஐந்து ஆம்பியூல். உச்ச அளவான கிலோவுக்கு 0.5 மி.கி.க்குப் போனால் பன்னிரண்டரை. ஓர் ஆம்பியூலோடு நிறுத்திக்கொள்வது நாயைக் கைவிடுவதற்குச் சமம். பெரிய குப்பிகள் வேறு செறிவிலும் வருவதால் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்தே கணக்கிட வேண்டும். கால்பங்கு சிரையிலும் மீதி தசையிலோ தோலடியிலோ போவது வழக்கம். நாய் நீலம் பாரித்திருந்தால் ஆக்சிஜன் கொடுத்துவிட்டு ஊசியைத் தொடுவது நல்லது. ஆக்சிஜன் இல்லாத இதயத்தை விரட்டினால் லயம் குலையும்.

மறு ஊசி வேண்டுமா என்பதை நெஞ்சு சொல்லும். ஸ்டெதாஸ்கோப்பில் கரகரப்பு அடங்கி, துடிப்பு தேறினால் போதும். கண்மணி விரியும்வரை குத்திக்கொண்டே போவது தவறு. தசைத் துடிப்பு நிற்கவில்லையே என்று குத்துவது அதைவிடப் பெரிய தவறு. தசையிலுள்ள நிக்கோட்டினிக் ஏற்பிகளை அட்ரோபின் தொடுவதே இல்லை. அதற்கு ஆர்கனோபாஸ்பேட்டில் பிராலிடாக்சிம், கிலோவுக்கு 20 மி.கி.; நொதி மீட்க முடியாதபடி இறுகும் முன், கூடியமட்டும் முதல் 24 மணி நேரத்துக்குள். கார்பமேட் என்று உறுதியானால் பொதுவாக அது தேவைப்படாது. வலிப்புக்கு டயசிபாம். தோலில் விஷம் இருந்தால் கையுறையும் ஏப்ரனும் அணிந்து சோப்பு போட்டுக் கழுவியாக வேண்டும். ஜீப்பில் மடியில் வைத்துத் தூக்கிவந்தவரின் கையும் உடையும் கழுவப்பட வேண்டும். இதைச் சொல்ல மறந்தால் அடுத்த நோயாளி அவராகவே இருக்கலாம். குளோர்பைரிபாஸ் பட்ட பூனை தேறியதுபோல் தெரிந்து, சில நாள் கழித்துக் கழுத்தைத் தூக்க முடியாமல் வருவதும் உண்டு.

அளவு மிஞ்சினால் இதயம் தறிகெட்டு ஓடும், குடல் ஒலி அடங்கும், சிறுநீர் கட்டும், நாய் நிலைகொள்ளாமல் அலையும், உடல்சூடு ஏறும். நாய் மூச்சிரைத்து, மூச்சுப்பாதை ஈரத்தாலேயே உடலைக் குளிர்விக்கிறது; அந்த ஈரத்தை மருந்து வற்றவைக்கிறது. பாலக்காட்டின் மார்ச், ஏப்ரல் வெயிலில் தகரக் கூரையின் கீழ் அப்படிப்பட்ட நாயை விடக் கூடாது. வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மயக்கத்துக்கு முன் எல்லா நாய்க்கும் பழக்கதோஷமாக அட்ரோபின் போடத் தேவையில்லை. சைலசின் கொடுத்த நாயில் ரத்தநாளம் இறுகியிருக்கும். துடிப்பு குறைவது அதற்கு உடல் தரும் பதில். அங்கே துடிப்பைத் துரத்தினால் அழுத்தம் எகிறும். கண் அழுத்தநோய், குடல் அடைப்பு, சிறுநீர் அடைப்பு, ஏற்கெனவே வேகமான துடிப்பு இருந்தாலும் தவிர்க்க வேண்டும். பல முயல்களின் உடலில் அட்ரோபினைச் சிதைக்கும் நொதி இருப்பதால் அவற்றுக்கு கிளைக்கோபைரோலேட்டே ஏற்றது.

கண்ணின் உள்வீக்கத்துக்கு விடும் 1 சதவீத அட்ரோபின் சொட்டு கண்ணீரைக் குறைக்கும், ஆகவே கண் வறட்சியுள்ள நாய்க்கு ஆகாது. பூனைக்கு விடும்போது மருந்து மூக்குவழி இறங்கி, கசப்பில் வாய் நுரைத்துத் தள்ளும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டார் விஷம் என்று பதறுவார்கள்; களிம்பாகக் கொடுத்தால் நுரை குறையும். விரிந்த கண்மணிக்கு வெளிச்சம் கூசும் என்பதால் பூனையை நிழலில் வைக்கவும், சொட்டு விட்ட கையைக் கழுவாமல் தங்கள் கண்ணைத் தொடாதிருக்கவும், குப்பியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் வீட்டாரிடம் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிக் கொடுப்பது நல்லது.